வலிப்பைப் பார்த்தவரையும் அழைத்து வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் எல்லா வட்ட மருத்துவமனைகளுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை உங்கள் நாளிதழில் படித்தேன். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஸ்கேன் வந்துவிட்டால் வலிப்பு நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிற சிக்கலெல்லாம் தீர்ந்துவிடும் என்பது போல எழுதியிருந்தார். அது சரியில்லை. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் இ.இ.ஜி., அதாவது மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். தலையில் பசை தடவி வயர் ஒட்டியே காலத்தை ஓட்டியவள் என்பதால் சொல்கிறேன்.

வலிப்பை டாக்டர் பார்ப்பது அபூர்வம். நோயாளி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். விழுந்தவருக்கோ ஒன்றுமே நினைவிருக்காது. “கண்ணத் தொறந்தா எல்லாரும் சுத்தி நிக்கிறாங்கம்மா” என்பார், அவ்வளவுதான். கூட வருவது பெரும்பாலும் சித்தப்பாவோ மச்சானோ. கையில் மஞ்சள் பை, அதில் மூன்று ஊர் ஸ்கேன் கவர். “எப்படி வந்துச்சு?” என்று கேட்டால், “நான் திருப்பூர்ல இருந்தேங்க, போன் வந்து ஓடியாந்தேன்” என்பார். நேரில் பார்த்தவர் வயலிலோ கடைத்தெருவிலோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் கூட்டி வர வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு இளைஞனை அழைத்து வந்தார்கள். நாற்றுக்கட்டு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன் வரப்பிலேயே விழுந்துவிட்டான். சி.டி. ஸ்கேன் நார்மல். எங்கள் டாக்டர் விடவில்லை. அங்கே நடவு நட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அந்த அம்மா பட்டென்று சொன்னார்: “மொதல்ல வலது கட்டவிரல் சுண்டுச்சுங்க. என்னடா வெரல ஆட்டுறேன்னு கேட்டேன். அப்புறம் கையி, அப்புறம் வாயி அந்தப் பக்கமே இழுத்துச்சு. பொறவுதான் வுழுந்தான்.” டாக்டர் சீட்டில் ‘இடது பக்கம்’ என்று எழுதினார். உடலின் வலது பாதியை ஆட்டுவிப்பது மூளையின் இடது பாதி. பையனைத் தூங்க வைத்துப் பதிவு எடுத்தபோது அந்தப் பக்கத்து வயர்களில்தான் வலிப்பின் அடையாளமான கூர் அலை வந்தது. கூடவே எம்.ஆர்.ஐ.யும் எழுதிக் கொடுத்தார். ஆனால் எந்த இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்று குறிப்பிட்டு எழுதியிருந்தார். வெறுமனே ‘வலிப்பு’ என்று எழுதி அனுப்புவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

இது எங்கள் டாக்டர் கண்டுபிடித்த வித்தையல்ல. லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் 1860களிலும் 70களிலும் இதையேதான் செய்தார். துடிப்பு கட்டைவிரலில் தொடங்கிக் கை, முகம் என்று வரிசையாக ஏறுவதைக் கவனித்தே, மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்றார். 1870இல் ஜெர்மனியில் இருவர் நாயின் மூளையில் லேசாக மின்சாரம் பாய்ச்சி, எதிர்ப்பக்கக் கால் அசைவதைக் காட்டினார்கள். மனித மூளையின் மின் அலையை ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்தது 1924இல். நோயாளியை சி.டி. ஸ்கேனில் படுக்க வைத்ததோ 1971இல்தான். அதுவரை கண்ணால் பார்த்தவர் சொல்லே பெரிய சாட்சி. இன்றைக்கும் அதற்கு மதிப்புக் குறையவில்லை.

என் மிஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஸ்கேனை மட்டும் குறை சொன்னேன் என்று வேண்டாம். வலிப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாக வரும். அரைமணி நேரப் பதிவில் மூளை தன் கோளாறைக் காட்டியே தீர வேண்டும் என்று கட்டாயமா என்ன? ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. ஸ்கேன் உதவுகிற இடமும் இருக்கிறது, மறுக்கவில்லை. மூளையில் தெரியும் சின்னஞ்சிறு வளையத்தைக் காசநோய்க் கட்டி என்று நினைத்திருந்த காலத்தில், அவற்றில் பல நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகளே என்று காட்டியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். “நாங்க சைவமாச்சே” என்று அதற்கும் சிலர் சண்டைக்கு வருவார்கள். புழுவின் முட்டை சரியாகக் கழுவாத கை, கீரை வழியாகவும் வயிற்றுக்குள் போகும், அது சைவம் அசைவம் பார்க்காது.

விழுந்தவரெல்லாம் வலிப்புக்காரரும் அல்ல. விரதம் இருந்து, தேர் இழுக்கிற கூட்டத்தில் வெயிலில் நின்று, வியர்த்து, கண் இருட்டிச் சாய்வது வேறு. அந்த மயக்கத்திலும் கைகால் நாலு உதறு உதறும். பார்த்தவர் அந்த உதறலை மட்டும் சொன்னால், தேவையில்லாத மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்க நேரும். விழுவதற்கு முன் வியர்த்ததா, கண் திறந்திருந்ததா, எழுந்ததும் உடனே பேசினாரா, கால்மணி நேரம் பேந்தப் பேந்த விழித்தாரா, நாக்கின் ஓரம் கடிபட்டிருந்ததா? இவற்றை எந்தக் கருவியிடம் போய்க் கேட்பது?

குழந்தைகள் விஷயத்தில் சாட்சி வாத்தியார்தான். ஒரு நான்காம் வகுப்புப் பெண், ‘பராக்குப் பார்க்கிறாள், சொல்வதெழுதுதலில் நடுநடுவே வார்த்தை விடுகிறாள்’ என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு டீச்சர் மட்டும், ‘பத்து நொடி கண் நிலைகுத்துகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை, பிறகு தானாகவே எழுத ஆரம்பிக்கிறாள்’ என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். காகிதக் காற்றாடியைக் கையில் கொடுத்து மூன்று நிமிடம் ஊதச் சொன்னோம். வேகமாக மூச்சு விட்டால், இப்படிக் கண் நிலைகுத்துகிற வகை வலிப்பு வெளியே வரும். இரண்டாவது நிமிடம் காற்றாடி நின்றது. திரை முழுக்க நொடிக்கு மூன்று என்று அலை. அது ஓய்ந்ததும் ஒன்றுமே நடக்காதது போல அவள் மறுபடி ஊதினாள். அந்தச் சீட்டு மட்டும் இல்லையென்றால் இன்னும் எத்தனை நாள் முட்டி போட்டிருப்பாளோ!

ஆகவே என் வேண்டுகோள் சுகாதாரத் துறைக்கு. வலிப்பு என்று வருகிறவரின் ஓ.பி. சீட்டில் ஒரே ஒரு வரி சேருங்கள்: ‘நேரில் பார்த்தவர் யார், போன் நம்பர்’. 108 ஊழியர்களும் அந்த இடத்திலேயே இதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். செலவு ஒரு பேனா மைதான்.

பொதுமக்களுக்கும் ஒன்று. சாவிக்கொத்துத் தேடி ஓடுகிறவருக்கு எந்தக் கை முதலில் இழுத்தது என்று பார்க்க நேரம் இருக்காது. இரும்பால் வலிப்பு நிற்பதும் இல்லை, அது ஒன்றிரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் தானே அடங்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் முகமும் கைகாலும் தெரிய செல்போனில் எடுக்கட்டும். எடுத்தது டாக்டருக்கு, ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கு அல்ல. ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் வலிப்பு உள்ளவரைத் தனியாகப் படித்துறைக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம், இ.இ.ஜி. எடுக்க வருகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்துச் சீவி வராதீர்கள், வயர் ஒட்டாது. முதல் நாளே சீயக்காய் போட்டு அலசிவிடுங்கள். டாக்டர் சொல்லாமல் அன்றைய மாத்திரையையும் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இ.இ.ஜி. டெக்னீஷியன்,
வலங்கைமான் வட்டம்.