ஓய்வு பெற்ற தம்பிக்கு, பெட்டி கட்டும் முன்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகும் உன் குரல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் லீவு எடுக்கவே யோசித்தவன், ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே "அக்கா, இனிமேல் கோல்ஃப்தான், ஊர் சுற்றல்தான்" என்று சின்னப் பையன் மாதிரி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போ, கட்டாயம் போ, தள்ளிப்போடாதே. ஆனால் அடுத்ததாக ஒரு பட்டியல் வாசித்தாயே, 12 நாளில் 8 மைதானம், 5 ஊர் என்று, அதைக் கேட்டதும் பக்கென்றது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நானும் உன் அத்தானும் வேலையை விட்ட புதிதில் இதையேதான் செய்தோம். ஒரு ஆட்டத்துக்கான 18 குழியும் நடந்தே ஆடினால் எட்டுப் பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். ஒரு நாள் ஆடினால் அன்று ராத்திரி வரும் தூக்கமே தனிச் சுகம், ஆனால் நான்கு நாள் விடாமல் ஆடி, நடுநடுவே பெட்டி கட்டி, ரயில் ஏறி, மறுபடி விடிகாலையில் எழுந்து ஓடியதில் ஐந்தாம் நாள் அத்தானுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மிச்ச நாளெல்லாம் ஐஸ் பையும் ஓட்டல் அறையும்தான். ஆபீஸ் ஓட்டத்தை அப்படியே மைதானத்துக்கும் கொண்டுபோயிருந்தோம்.

அடுத்த முறை ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ், அந்த ஒரே ஊர், பத்து நாள். 22 குழியாக இருந்ததை 1764இல் 18 ஆக்கியது அங்கேதான். அங்குள்ள ஓல்டு கோர்ஸில் ஆட, இரண்டு நாள் முன்னால் பெயர் கொடுத்தால் குலுக்கல் போடுவார்கள். எங்கள் பெயர் விழவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக அங்கே ஆட்டம் கிடையாது, ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவ வந்துவிடுகிறார்கள். நாங்களும் மட்டை இல்லாமல் மைதானம் முழுக்க நடந்தோம். பெரும்பாலும் ஒரே பசும்பரப்பில் இரண்டு குழி இருக்கும். இரண்டாவதும் பதினாறாவதும், மூன்றாவதும் பதினைந்தாவதும், எதைக் கூட்டினாலும் 18. இதைக் கண்டுபிடித்து அத்தான் துள்ளிக் குதித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்!

மறுநாள் பக்கத்திலேயே ஹிமாலயாஸ் என்ற இடத்தில் பட்டிங், அதாவது பந்தை மெதுவாக உருட்டிக் குழியில் விடும் ஆட்டம், ஆடினோம். 1867இல் பெண்களுக்கென்று தொடங்கிய கிளப்புடையது, வெளியாரும் ஆடலாம். தரை முழுக்க மேடும் பள்ளமும். மெதுவாகத் தட்டிய பந்து மேட்டில் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, அப்படியே உருண்டு திரும்பி என் ஷூ நுனியில் வந்து முட்டியது. அந்தப் பயணத்தில் எனக்கு மறக்காதது அதுதான்.

சரி, உனக்குச் சில விஷயம். புறப்படும் முன் ஹேண்டிகேப் சான்று, அதாவது உன் ஆட்டத் திறனை எண்ணாகச் சொல்லும் சான்று, வாங்கி வை, ஓல்டு கோர்ஸ் மாதிரி இடங்களில் கேட்பார்கள். 2020இல் வந்த உலக முறைப்படி 54 வரை ஹேண்டிகேப் (எண் கூடினால் திறன் குறைவு) தருவதால் புதிதாக ஆடுகிறவனுக்கும் கிடைத்துவிடும். விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அத்தனையையும் தூக்காதே, ஏழெட்டு போதும், தோள் வாழ்த்தும். பந்து போகும் தூரம் வயதால் குறைகிறதே என்று மனசை உடைத்துக்கொள்ளாதே. அமெரிக்க கோல்ஃப் வீரர் டாம் வாட்சன் 2009 பிரிட்டிஷ் ஓபன் போட்டியில் 59 வயதில் கடைசிக் குழி வரை முன்னணியில் இருந்தார், அங்கே உருட்டிய ஒரு பட் மட்டும் குழியில் விழுந்திருந்தால் பட்டம் அவருடையது. அதனால் தினம் அரை மணி பட்டிங் பழகு.

அப்புறம், உன் மனைவியிடம் கேட்டாயா? அவள் ஆடுவதில்லை, தெரியும். ஆனால் அவளுக்கும் இது முதல் பெரிய பயணம். ஒரு நாள் ஆட்டம், அடுத்த நாள் அவள் சொல்லும் இடம், அப்படிப் போட்டுப் பார், 12 நாளுக்கு நான்கைந்து ஆட்டம் தாராளம்.

என்னிடம் மழைக்குப் போடும் கையுறை இரண்டு ஜோடி இருக்கிறது. ஈரத்தில் மட்டை வழுக்கவே வழுக்காது. வாங்கிவிடாதே, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள், அந்தப் பட்டியலையும் கையோடு கொண்டு வா.

உன் அக்கா