காட்டு ஆய்வுக்கு மாணவர் எடுக்கும் முன்: ஒரு திறந்த மடல்

வனச் சூழலியலிலும் வனவளர்ப்பியலிலும் (காட்டு மரங்களைத் திட்டமிட்டு வளர்க்கும் துறை) பட்டமேற்படிப்பு ஆய்வு இடங்களை ஒதுக்கும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகக் குழுவினருக்கும், இயற்கை வனப்பகுதிகளில் ஆய்வு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மர வளர்ச்சியை ஆராயும் இரண்டாண்டு முதுநிலை மாணவரைப் புதுத் திடலில் (மரங்களை அளக்க எல்லை கட்டிய காட்டுத்துண்டில்) இறக்காதீர்கள். ஏற்கெனவே அளந்து எண் தகடு அடித்த மரங்களிடம் அனுப்புங்கள்.

காரணம் டேப்பில் இருக்கிறது. மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளப்பது பல நாடுகளின் வழக்கம். புக்கிட் தீமாவில் 1993இல் அமைத்த 2 ஹெக்டர் திடலில் 1 செ.மீ. விட்டத்தை எட்டிய ஒவ்வொரு தண்டையும் அப்படித்தான் அளக்கிறார்கள். நிழலில் நிற்கும் சிறு மரங்களில் பல, ஆண்டுக்கு 1 மி.மீ.கூடப் பருப்பதில்லை. டேப் சற்றுச் சாய்ந்தாலோ, அடியில் பாசியோ கொடியோ சிக்கினாலோ சுற்றளவு 3 மி.மீ. கூடிவிடும். விட்டத்தில் அது ஏறக்குறைய 1 மி.மீ. ஆக, ஓராண்டு வளர்ச்சி முழுவதும் அந்தப் பிழைக்குள் அடங்கிப்போகும். அடுத்த முறை இன்னொருவர் ஒழுங்காக அளந்தால், மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு வரும்.

பலகைவேர் (அடித்தண்டிலிருந்து பலகைபோல் விரியும் வேர்) உள்ள மரமென்றால் வேர் முடியும் இடத்துக்கு 50 செ.மீ. மேலே அளக்க வேண்டும். அளந்த கோட்டைப் பெயின்டால் குறிக்காவிட்டால் அடுத்த கணக்கெடுப்பு வீண். தகட்டின் ஆணியை முழுக்க அடிக்கக் கூடாது. பருக்கும் பட்டை தகட்டையே விழுங்கிவிடும். அளவுக்கோட்டின் மேலும் அடிக்கக் கூடாது, ஆணி பட்ட இடம் வீங்கும். ஸ்பிரிங் பூட்டிய எஃகுப் பட்டையைத் தண்டில் சுற்றினால் துல்லியம் கூடும், உண்மைதான். ஆனால் புது எஃகுப் பட்டை தளர்வு நீங்கி மரத்தோடு ஒட்டச் சில மாதம் பிடிக்கும். அதுவரை வளர்ச்சி குறைத்தே காட்டும். அனுமதிக்குக் காத்திருந்த நாளும் இதுவும் போக, இரண்டாண்டில் மிஞ்சுவது எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது செராயா என்ற உயர்ந்த காட்டு மரம். இதன் குடும்பத்து (டிப்டெரோகார்ப்) மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, பல இனங்கள் ஒருசேரப் பூக்கும். எப்போது என்று யாரும் தேதி குறிக்க முடியாது. இறக்கை முளைத்த விதை விழுந்த சில நாளிலேயே முளைவிடும். காயவைத்துச் சேமித்தால் செத்துவிடும். பூத்த சேதி கேட்டபின் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால், அனுமதி கைக்கு வரும்போது தரையில் நாற்றுதான் இருக்கும். எத்தனை விதை விழுந்தது, எத்தனையை எலியும் வண்டும் தின்றன என்ற கேள்விக்குக் காலம் கடந்திருக்கும். ஆகவே விழும் விதையைப் பிடிக்கும் விதைப்பொறிக்கும் 1 சதுர மீட்டர் நாற்றுக் கட்டங்களுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் தந்து, பூப்பு கண்டதும் நடைமுறைக்கு வரும் ‘காத்திருப்பு அனுமதி’ ஒன்றை ஏற்படுத்துங்கள். பூக்காத ஆண்டுகளில் மாணவர் பழைய நாற்றுகளின் சாவைக் கணக்கெடுக்கட்டும். அதுவும் ஆய்வுதான்.

மரமே வெட்டாத ஊரில் வனவளர்ப்பியல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். போருக்குப் பிந்தைய மலாயாவில் வகுத்த சீர்முறை வெட்டு முறையின் (Malayan Uniform System) முதல் விதியே, வெட்டுமுன் தரையில் போதுமான நாற்று உண்டா என்று எண்ணிப் பார் என்பதுதான். அந்தக் கண் இங்கே, சிதைந்த காட்டை மீட்க மரம் நடும் மீட்பு நடவுக்கு வேண்டும். 2030க்குள் பத்து லட்சம் மரம் நடும் இயக்கம் நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காம்பியரும் (தோல் பதனிடச் சாறு தந்த செடி) மிளகும் சத்தை உறிஞ்சிப்போட்ட, அமிலம் மிகுந்த மண்ணில் தியூப் தியூப் மரம் தானே வளரும். செராயா அப்படி வராது. வெட்டவெளியில் நட்டால் இலை கருகும். அதன் வேரோடு கூடி வாழும் பூஞ்சை அந்த மண்ணில் இல்லாமலும் போகலாம். தாய்மரத்தடி மண் ஒரு கைப்பிடி சேர்த்தால் உதவுமா, ரெசாம் பெரணியை அகற்றியபின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை களையெடுக்க வேண்டும், ஒரே தாய்மரத்து விதையிலிருந்து வந்த கன்றுகள் பின்னாளில் உட்கலப்பால் (நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே இனக்கலப்பு) நலிகின்றனவா என்பவை அசல் ஆய்வுக் கேள்விகள். இவற்றுக்கு விடை வேண்டுமானால் நடும் நாளிலேயே கொஞ்சம் இடத்தை எதுவும் செய்யாமல் விட்டுவைக்க வேண்டும். நட்ட தேதி, இனம், விதை வந்த மரம், குழியின் ஆழம், இத்தனையும் பதிவாக வேண்டும். முழுவதும் நட்டு முடித்தபிறகு ஒப்பிட வந்தால் ஒப்பிட ஒன்றும் இருக்காது.

அடுத்த முறை இடம் அறிவிக்கும்போது நான்கு வரி சேருங்கள்: எந்தத் திடல், கடைசிக் கணக்கெடுப்பு எந்த ஆண்டு, பழைய தரவு மாணவருக்கு எந்த மாதம் கிடைக்கும், மரப்பெயர் சொல்லித்தரும் களப்பணியாளருக்குச் சம்பளம் யார் தருவார்கள். நான்காவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பூவும் காயும் இல்லாத கன்றை இலையையும் பட்டைப்பாலையும் வைத்து அடையாளம் காண்பவர்கள் இங்கே மிகச் சிலரே. அவர்களை ஆய்வுக்கு ஆய்வு நாட்கூலிக்குப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
காட்டில் மரம் அளப்போர் சிலர்
சிங்கப்பூர்