நியூகேசில் பீச்சுல கிடைச்ச இலை

ஹேமா கண்ணு,

ஆஸ்திரேலியாலேர்ந்து நீ அனுப்புன கல்லு போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். மாவிலை மாதிரி இருக்கேப்பா, இந்த நியூகேசில் பீச்சுல எப்படினு கேட்டிருந்த. மாவிலை இல்லம்மா, அது குளோசாப்டெரிஸ், எப்பவோ அழிஞ்சு போன ஒரு மரத்தோட இலை, கல்லுல ஃபாசிலா பதிஞ்சு கிடக்கு. உங்கப்பன் சர்வீஸ் பூரா அந்த இலைக்கு கீழ தான் ஓடுச்சு. வங்காளத்து ராணிகஞ்ச் சுரங்கத்துல நிலக்கரிய வெட்டி எடுத்தப்புறம் மேல கூரையா நிக்கும் பாரு ரூஃப் ஷேல்ங்கற களிமண் பாறை, அதுல கேப் லாம்ப சாய்ச்சு அடிச்சா கறுப்பா மினுமினுனு இலை மேல இலையா ஒட்டிக்கிட்டு இருக்கும், காத்து பட்டு காய காய செதில் செதிலா உரிஞ்சு விழும், நாங்க அத மிதிச்சிக்கிட்டே வேலைய பாப்போம்.

ஒரு தடவ வந்த ஜியாலஜிஸ்ட் தான் லென்ஸ குடுத்து நரம்ப பாருங்கன்னாரு. மாவிலைல கிளை நரம்பு தடியா தனித்தனியா விளிம்பு வரைக்கும் போகும்ல, இதுல நடு நரம்ப விட்டு கிளம்புனதுமே ஒண்ணோட ஒண்ணு சேந்து பிரிஞ்சு மறுபடி சேந்து வலையா பின்னிக்கும். உன் போட்டோல இடது ஓரத்துல அது நல்லாவே தெரியுது. நடு நரம்பே இல்லாம இருந்தா அது கங்கமாப்டெரிஸ், இதுக்கு பங்காளி.

1828ல புரோங்னியார்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதுக்கு பேர் வச்சப்பவே இந்தியா இலையும் ஆஸ்திரேலியா இலையும் சேத்து தான் வச்சாரு. பெரணி வகைனு நினைச்சாங்க, இலை மட்டும் தானே கிடைச்சுது. 1952ல தென்னாப்பிரிக்கால எட்னா பிளம்ஸ்டெட்ங்கற அம்மா இலையோடவே ஒட்டியிருந்த காய்ப்பகுதிய காட்டுனப்புறம் தான் இது விதை உள்ள மரம்னு உறுதியாச்சு. விதைய காத்து எவ்ளோ தூரம் தூக்கிட்டு போகும், சமுத்திரமா தாண்டும்? அப்ப நம்மூரு, உங்கூரு, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமா இருந்திருக்கணும். அந்தம்மாவுக்கு முன்னாடியே வெகனர்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி கண்டம் நகருதுனு சொன்னப்ப இந்த இலையையும் சாட்சிக்கு கூப்பிட்டாரு.

தென்துருவம் போன இங்கிலீஷ்காரர் ஸ்காட் கதை தெரியுமா உனக்கு? 1912ல தென்துருவத்துலேர்ந்து திரும்பறப்ப, சோறு இல்ல, காலெல்லாம் பனில வெந்து போச்சு, அப்பவும் பியர்ட்மோர் பனியாறு பக்கத்துல நின்னு கல்லு பொறுக்கியிருக்காங்க. சுமார் 16 கிலோ. கடைசி வரைக்கும் ஸ்லெட்ஜ்ல வச்சு இழுத்தாங்க, நவம்பர்ல தேடி போனவங்க பிணத்தோட கல்லையும் பாத்தாங்க. அதுல இந்த இலை இருந்துது. அந்த கல்ல வீசியிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு சில பேரு சொல்லுவாங்க, எனக்கு நம்பிக்கை இல்ல, அந்த குளிருக்கு 16 கிலோ ஒரு கணக்கா?

இலையுதிர் காலத்துல மொத்தமா கொட்டி சதுப்புல விழுந்து அமுங்கி அமுங்கி தான் கரியாச்சு. மரம் அழிஞ்சு 25 கோடி வருஷம் ஆகுது. உங்க பீச்சு பக்கத்து நாபிஸ் ஹெட் பாறைல கறுப்பா ஒரு பட்டை ஓடும் பாரு, அதுவும் அந்த காலத்து நிலக்கரி தான்.

பேரன்கிட்ட சொல்லு, கல்லுக்கு வார்னிஷ் அடிக்க வேணாம், பிரஷ் போட்டு தேய்க்கவும் வேணாம், பேப்பர்ல சுத்தி வச்சா போதும். காலை வெயில் சாய்வா விழறப்ப பக்கத்துல ஒரு காசு வச்சு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு வரப்ப பெட்டில போட்டு கொண்டு வந்துடாதே, ஃபாசில வெளிய எடுத்துட்டு போக அங்க சட்டம் இருக்கு, அம்மாவுக்கு போட்டோலயே காட்டிக்கறேன்.

அப்பா