வராமல் போனவர்களின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

முதியோர் எத்தனை தடவை டாக்டரிடம் போனார்கள் என்று வெறுமனே எண்ணினால், ஏழைகளே அதிகம் போவதுபோலத் தெரியும். நோயும் அவர்களுக்குத்தானே அதிகம்! ஒரே அளவு நோயுள்ளவர்களை ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால், பல பணக்கார நாடுகளில் பொது மருத்துவரிடம் போவதில் ஏழை, பணக்காரர் இடையே பெரிய வித்தியாசமில்லை. ஆனால் சிறப்பு மருத்துவர், பல் மருத்துவர் என்று வந்தால் அங்கேயே வசதியுள்ளவர்கள் முந்திக்கொள்கிறார்கள். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971லேயே எழுதினார்.

சரி, கட்டணத்தை நீக்கினால் போதுமா? போய்வரும் செலவு, துணைக்கு வரும் மகள் இழக்கும் ஒரு நாள் கூலி, இதெல்லாம் எந்த ரசீதிலும் வராது. கண்புரையை ‘வயசானால் அப்படித்தான்’ என்று தள்ளிப்போடுபவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களையும் யாராவது கணக்கெடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்