பெட்டிக்குள் எந்த ரின் கட்டர்?

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. அவசர காலப் பெட்டிக்குள் எந்த ரின் கட்டர் (தகர டப்பா திறக்கிற கருவி) வைப்பது என்று கேட்டிருந்தாய். ஸ்காபரோவில் புது வீடு போன கையோடு பேஸ்மன்டில் 3 நாள் சாப்பாட்டுப் பெட்டியும் அடுக்கிவிட்டாய் என்று அறிந்து சந்தோசம். அவசர காலத்தில் 72 மணித்தியாலம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கனடா அரசு சொல்கிற கணக்கு. அந்தப் பட்டியலிலேயே கையால் சுற்றுகிற ரின் கட்டரும் இருக்கிறது. 2013 டிசெம்பர் உறைமழையில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் இல்லை. அப்படியொரு நாளில் உன் குசினி மேசையில் நிற்கிற கரண்ட் கட்டர் வெறும் பொம்மை.

நீ பார்த்து வைத்திருக்கிற, பக்கவாட்டில் வெட்டுகிற கட்டர் நல்ல சாமான்தான். மூடியில் கூர் இராது, கை வெட்டாது. ஆனால் பெட்டிக்கு அது வேண்டாம். அது ரின்னின் மடிப்பை வெளிப்பக்கமாக வெட்டிப் பிரிக்கிறது. விளிம்பு சற்று நெளிந்திருந்தாலும் வழுக்கிவிடும், எந்த இடத்தில் வெட்டாமல் விட்டது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். மூடியை உள்ளே அமத்தி மீன் தண்ணீரை வடிக்கவும் ஏலாது.

மேலிருந்து வெட்டுகிற பழைய மாதிரியே வாங்கு. பிடியை இறுக்கினால் கட்டரின் தகடு வளையக்கூடாது. வெட்டுச் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு பற்சக்கரம் ஒன்றோடொன்று கோத்திருக்கிறதா என்று பார். அது இல்லாத மலிவு வகையில் வெட்டுச் சக்கரம் சும்மா இழுபடும். ரின்னை நகர்த்துகிற சின்னச் சக்கரத்துக்கே முழுப் பாரமும். அதன் பல் மழுங்கினால் நின்ற இடத்திலேயே உருளும். அம்மாவின் விரல் மூட்டு வலிக்குச் சுற்றுபிடி நீளமாக இருக்கட்டும்.

முழு வட்டம் வெட்டாதே. தொடங்கிய இடத்துக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நிறுத்தி, மூடியைக் கரண்டியால் நிமிர்த்து. வெட்டின இடத்தில் திரும்ப ஓடினால் மயிர் போல இரும்புச் சீவல் குழம்புக்குள் விழும்.

பாத்திரம் கழுவும் மெசினில் போட்டால் துருப்பிடிக்கும். சுடுதண்ணீர், சவர்க்காரம், பழைய பல்துலக்கி போதும்; உடனே துடை. பற்சக்கரத்துக்கு உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய் ஒரு துளி. சமையல் எண்ணெய் நாளாகப் பசையாகும், தேங்காயெண்ணெய் உன் பேஸ்மன்ட் குளிரில் உறைந்தே போகும்.

இழுத்துத் திறக்கிற வளையம் வைத்த ரின்தானே என்று இருந்துவிடாதே. வளையம் கையோடு முறிந்து வருவதுண்டு. தட்டையான மீன் ரின் பலவற்றில் அடிப்பக்கம் ஒரே தகடு, மடிப்பே இல்லை. கவிழ்த்து வைத்தால் கட்டர் பிடிக்காது. மேல்விளிம்பில்தான் வெட்ட வேண்டும்.

மாற்றுக்கு, அமெரிக்க இராணுவம் 1942இல் கொண்டுவந்த பி-38 என்ற சின்ன ரின் கட்டர் ஒன்றைப் பெட்டிக் கைபிடியில் நூலால் கட்டிவிடு. விரலளவுத் தகடு. சுணங்கும்தான், ஆனால் பழுதாகச் சக்கரமே இல்லை.

புதுக் கட்டரைச் சோதிக்காமல் பெட்டிக்குள் போடாதே. 425 கிராம் மீன் ரின் ஒன்றை முதலில் வெட்டிப் பார். இரவுக்குப் புட்டோடு பிரட்டல் ஆச்சு. அம்மாவைச் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமரன்