குடிவழி வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அக்கா அவர்களே, இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

அடுத்த ஆண்டுக்குள் நாம் வரைந்துவரும் ஆர்டன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் வம்சாவளிப் படம் அறையின் மறுசுவரைத் தொட்டுவிடும் என்று சென்ற பொதுக்குழுவில் இதே இடத்தில் நின்று சொன்னேன். தொடவில்லை. போன ஆண்டு இருந்ததைவிட ஒரு முழம் குறைந்திருக்கிறது. ஏன் என்று சிலர் போன் போட்டுக் கேட்டீர்கள். ஒருவர் இரண்டு மாதம் என்னோடு பேசவே இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் முதலில் கூடியது நம்முடைய தாத்தா, பூட்டன் பெயர்களைத் தேடத்தான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கிப் பக்கத்துத் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது சுவரில் ஒரு கல் குடும்பம் மண்டியிட்டிருந்ததைப் பார்த்தோம். ஒரு பக்கம் அப்பாவும் ஆண்பிள்ளைகளும், எதிர்ப்பக்கம் அம்மாவும் பெண்பிள்ளைகளும். சில பிள்ளைகள் கையில் மட்டும் சின்னதாக ஒரு மண்டையோடு. பெற்றோருக்கு முன்பே இறந்துபோன பிள்ளைகளை அப்படிக் காட்டுவது வழக்கம் என்று தேவாலயத்துப் பெரியவர் சொன்னார். அன்று பிடித்த பைத்தியம்தான் இது. நாம் இப்போது இருக்கிற இங்கிலாந்தின் பழைய குடும்பங்களைத் தேடத் தொடங்கினோம்.

இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடந்தன. ஆகஸ்டில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜனவரியில் அறையின் ஹீட்டர் வேலை செய்யவில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதச் சுற்றறிக்கையில் ஒரு வாரிக்‌ஷையர் குடும்பத்தின் பட்டியலை அச்சிட்டிருந்தேன். திருமணம் 1622 ஏப்ரல், மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1622 பிப்ரவரி. படித்ததும் பெண்கள் பகுதியில் ஒரு சிரிப்பு எழுந்தது, நினைவிருக்கும். அந்தப் பெண்மணி மீது ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது. 1752 வரை இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. ஆகவே அந்த 1622 பிப்ரவரி நம் கணக்கில் 1623 பிப்ரவரி. ஏப்ரலிலிருந்து எண்ணினால் கணக்காகப் பத்து மாதம். முந்நூறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லாததால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இனி ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை இரட்டை ஆண்டாக, 1622/3 என்றே எழுத வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம்.

இந்தத் தேதிகளைத் தரும் தேவாலயப் பதிவேடுகளே எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் போட்ட உத்தரவால் பிறந்தவை. ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கச் சொன்னார். எழுதியவர் பலர், எலிக்கும் ஈரத்துக்கும் கொடுத்தவரும் பலர். 1837 ஜூலையில் அரசுப் பதிவு வந்த பிறகு வேலை எளிது. 1538க்கு முன்னே போக வேண்டுமானால் நிலம் வைத்திருந்த குடும்பமாக இருந்தால்தான் உண்டு. நிலம் இருந்தால் வழக்கு, வரி, உயில் என்று காகிதம் இருக்கும். உழுதவனுக்குக் காகிதம் இல்லை. இங்கிலாந்தின் வம்சாவளி என்றால் பெரும்பாலும் பிரபுக்களின் வம்சாவளியாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

ஜூன் மாதம் கியூ தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். பேனாவை உள்ளே விடவில்லை, பென்சில் மட்டும்தான். அரசனிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் அதிகாரி ஒருவர் உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, என்ன நிலம், வாரிசு யார், வயது என்ன என்று விசாரித்து எழுதிய சுருள்கள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. வாரிசுக்கு வயது வந்துவிட்டதா என்பதில் சந்தேகம் வந்தால் சாட்சிகளைக் கூப்பிடுவார்கள். “அவன் பிறந்த அன்றுதான் நான் விழுந்து காலை ஒடித்துக்கொண்டேன்”, “அந்த வாரம்தான் என் மகளுக்குக் கல்யாணம்” என்கிற மாதிரிச் சாட்சியங்கள். நம் தலைவர் உடனே, தன் அம்மா தனுஷ்கோடிப் புயலை வைத்துத்தான் பிள்ளைகளின் வயதைச் சொல்வார் என்றார். இந்தச் சாட்சியங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால் அறிஞர்கள் இவற்றை முழுசாக நம்புவதில்லை. ஒரே ஊரில் இத்தனை பேர் ஒரே நாளில் காலை ஒடித்துக்கொள்வார்களா என்பது நியாயமான கேள்விதானே.

உயில் வகுப்பை இந்த ஆண்டு பொருளாளர் அக்கா எடுத்தார். காண்டர்பரி பேராயரின் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான உயில்கள்தான் வசதியுள்ள குடும்பங்களுக்கு முதல் கதவு. மருமகன்களின் பெயர் கிடைக்கும், கட்டிக்கொடுத்த பெண்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள் என்று தெரியும். எழுத்துதான் கண்ணைக் குத்தும். 16ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் சி ஆர் போலிருக்கும், எச் வரிக்குக் கீழே வாலை விட்டிருக்கும். ஊரில் ஓலைச்சுவடி பழகிய நம் உறுப்பினர் ஒருவர், புள்ளியே இல்லாத தமிழைப் படித்தவனுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லி முதல் வாரத்திலேயே எல்லாரையும் முந்திவிட்டார்.

எழுத்தை விடச் சிக்கல் உறவுச் சொற்களில்தான். அந்தக் காலத்து உயிலில் ‘கஸின்’ என்றால் அண்ணன் மகனாக இருக்கலாம், அக்கா மகளாக இருக்கலாம், ஒன்றுவிட்டவராகவும் இருக்கலாம். ‘சன்-இன்-லா’ என்று எழுதியிருப்பது பல இடங்களில் மருமகனை அல்ல, மனைவிக்கு முந்தைய கணவரிடம் பிறந்த பிள்ளையை. ‘பிரதர்’ என்பவர் மச்சானாகவோ சகலையாகவோ இருப்பார். சித்தப்பா வேறு, மாமா வேறு என்று பிரித்துச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஒரே சொல்லுக்குள் நாலு உறவைப் போட்டு மூடிவைத்திருப்பதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. இப்போது நம் படத்தில் ஒவ்வொரு ‘கஸின்’ பக்கத்திலும் சிவப்பில் ஒரு கேள்விக்குறி இருப்பது அதனால்தான்.

இனி அந்த ஒரு முழத்துக்கு வருகிறேன்.

சுவரில் தொங்குவது வாரிக்‌ஷையர் ஆர்டன் குடும்பம். நாம் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1066இல் நார்மன் வில்லியம் வென்ற பிறகு பழைய ஆங்கிலேய நிலக்கிழார்களிடம் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. 1086இல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் பெரிய அளவில் அரசனிடமிருந்து நேரடியாக நிலம் வைத்திருந்த ஆங்கிலேயர் இருவர்தான். ஒருவர் லிங்கனின் கோல்ஸ்வைன், மற்றவர் ஆர்டனின் டர்ச்சில். அந்த டர்ச்சிலின் வழியினர்தான் பார்க் ஹால் ஆர்டன்கள். வில்லியத்துடன் வந்தவர்கள் என்று பெருமை பேசும் குடும்பங்கள் எத்தனையோ. வில்லியம் வென்ற ஹேஸ்டிங்ஸ் போரில் நின்றதற்குச் சமகாலச் சான்று உள்ளவர்களை எண்ணினால் இருபது பேர் தேறமாட்டார்கள். அவர் வருவதற்கு முன்பே இருந்ததாகக் காட்டக்கூடிய குடும்பம் விரல்விட்டு எண்ணக்கூடியது. ஆர்டன் அதில் ஒன்று.

படத்தை வரைந்தவர் நம் மூத்த உறுப்பினர், யாழ்ப்பாணத்தில் நில அளவைத் துறையில் படம் வரைபவராக இருந்தவர். இந்தியன் இங்க்கில், கோடு கொஞ்சமும் நடுங்காமல், டர்ச்சிலிலிருந்து மேரி ஆர்டன் வரை இறக்கியிருந்தார். மேரி ஆர்டன் ஷேக்ஸ்பியரின் தாயார். படத்தைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

செப்டம்பர்க் கூட்டத்தில் கேள்வி வந்தது. மேரியின் தந்தை வில்ம்கோட்டின் ராபர்ட் ஆர்டன், அவர் தந்தை தாமஸ் ஆர்டன். இதுவரை சரி. அந்தத் தாமஸ் பார்க் ஹால் வீட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு என்ன ஆதாரம்? படத்தை வரைந்த ஐயா மூன்று புத்தகங்களைக் காட்டினார். மூன்றும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. நேரடிச் சான்று ஒன்றும் இல்லை.

இதில் சுவையான விஷயம், அன்றைய ஹெரால்டுகளும் இதே இடத்தில்தான் தடுமாறியிருக்கிறார்கள். குலச்சின்னங்களைப் பதிந்து காக்கும் அதிகாரிகளைத்தான் ஹெரால்டுகள் என்கிறார்கள். அவர்களுடைய காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் 1484இல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் பட்டயம் கொடுத்து உண்டாக்கியது, லண்டனில் இன்றும் நடக்கிறது. 1530 முதல் 17ஆம் நூற்றாண்டின் கடைசிவரை மாவட்டம் மாவட்டமாகப் போய், “நீ ஜென்டில்மேன் என்கிறாயே, உன் வம்சாவளியைக் காட்டு” என்று கேட்டு வந்தவர்கள். காட்ட முடியாதவர்களின் பெயரை ஊரறிய அறிவித்து மானத்தை வாங்கியதும் உண்டு. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596இல் சின்னம் கிடைத்தது. 1599இல் மனைவி வீட்டு ஆர்டன் சின்னத்தையும் பக்கத்தில் சேர்க்க விண்ணப்பம் போனது. அந்த வரைவுத் தாளில் ஹெரால்டு முதலில் பார்க் ஹால் ஆர்டன்களின் சின்னத்தை வரைந்திருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு வேறொரு ஆர்டன் சின்னத்தைப் போட்டிருக்கிறார்.

நான்கு நூற்றாண்டுக்கு முன் சம்பளம் வாங்கிய அதிகாரியே அடித்த கோட்டை நாம் எப்படி வைத்திருப்பது? வாக்கெடுப்பு வரை போக வேண்டாம் என்று தலைவர் சொன்னார். ஐயா எழுந்து வெளியே போய்விட்டார். நவம்பரில் சட்டைப்பையில் ஒரு பாதி பிளேடோடு வந்தார். இந்தியன் இங்க் ரப்பருக்கு அசையாது, சுரண்டத்தான் வேண்டும். யாரையும் கிட்ட விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு கோட்டைத் தானே சுரண்டி எடுத்தார். தாமஸ் பெயருக்கு மேலே காகிதம் கொஞ்சம் பிய்ந்திருக்கிறது, பார்க்கலாம். அதன்மேல் பென்சிலால் புள்ளிக்கோடு போட்டார். “சான்று கிடைச்சால் மை போடுவம், தம்பி” என்றார். அன்றுதான் என்னோடு மறுபடி பேசியது.

அதன்பிறகு வேகம் பிடித்துவிட்டது. சான்றில்லாத இன்னும் பதினோரு இணைப்புகளைப் புள்ளிக்கோடாக்கினோம். ஐந்தை முற்றாக எடுத்துவிட்டோம். குறைந்த முழத்தின் கணக்கு இதுதான்.

உறுதியான கோட்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்பதை டிசம்பர்க் கூட்டம் காட்டியது. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்தத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்ததல்லவா, அதை அடையாளம் காண உதவியது தாய்வழி. ரிச்சர்டின் அக்கா ஆனிலிருந்து மகள், மகளின் மகள் என்று பிடித்து வந்த மரபணு, லண்டனில் வேலைசெய்யும் கனடாக்காரத் தச்சர் ஒருவரோடு பொருந்தியது. தலைமுறைக்கு ஒருமுறை குடும்பப் பெயர் மாறும் வழி அது. பிடிப்பதற்கே மகா கஷ்டம். தந்தை வழியிலோ காகிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன, ரிச்சர்டின் மூதாதை மூன்றாம் எட்வர்டிலிருந்து ஐந்தாம் போஃபோர்ட் டியூக்கின் ஆண்வழி வரை. 2014இல் முடிவு வந்தபோது அந்த வழியினர் ஒருவரும் ரிச்சர்டோடு பொருந்தவில்லை. இடையில் எங்கோ, ஏட்டில் தந்தை என்று எழுதப்பட்டவர் தந்தை இல்லை. கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

பெயரும் நம்மை ஏமாற்றும். ராபர்ட் கிளைவ் 1753இல் சென்னைக் கோட்டையின் தூய மேரி தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்தார். அவர்கள் மகன் எட்வர்ட், சென்னையின் ஆளுநராகவும் இருந்தவர், 1804இல் போவிஸ் ஏர்ல் என்ற பிரபு ஆனார். எட்வர்டின் மகனோ தாய்வழிச் சொத்துக்காக 1807இல் கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பெர்ட் ஆகிவிட்டார். ஹெர்பெர்ட் என்று தேடினால் கிளைவ் கிடைக்கமாட்டார். நார்தம்பர்லாந்து டியூக்குகளின் பெர்சி என்ற பெயரும் இப்படித்தான், ஹியூ ஸ்மித்சன் மனைவி வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லை ஐயா இங்கே பயன்படுத்தினார், அறிக்கையில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை, சேர்த்துவிட்டேன்.

பேரனெட் பட்டத்தின் விலை பற்றிப் பொருளாளர் அக்கா போட்ட கணக்கையும் பதிவு செய்கிறேன். 1611இல் முதலாம் ஜேம்ஸ் இந்தப் பரம்பரைப் பட்டத்தை உண்டாக்கினார். அயர்லாந்தின் அல்ஸ்டரில் முப்பது வீரர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளம் கட்ட வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு பென்னி. முப்பது எட்டு 240 பென்னி, அதாவது அன்றைய ஒரு பவுண்டு. மூன்று ஆண்டுக்கு 1,095 நாள், ஆக 1,095 பவுண்டு. விலைச்சீட்டு ஒட்டிய கௌரவம் என்று அக்கா சொன்னதும் கைதட்டல்.

மே மாதச் சுற்றுலா சர்ரேயின் ஸ்டோக் டாபர்னன் தேவாலயத்துக்கு. தரையில் பதித்த பித்தளைத் தகட்டில் சர் ஜான் டாபர்னன் ஆளுயரத்துக்கு நிற்கிறார். கேடயத்தில் நீல எனாமல் இன்னும் ஒட்டியிருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும். 1277இல் இறந்த தந்தையுடையது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மகனுடையது, ஐம்பது ஆண்டு பிந்தியது என்பது இப்போது பலருடைய கருத்து. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு நம்மைத் திண்டாட விடுகிறார்கள். மதியச் சாப்பாடு புளிச்சாதம், வேன் வாடகை பற்றாக்குறையைத் தலைவர் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை. உறுப்பினர் ஒருவர் தன் ஆங்கிலேய மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசாக, அவள் குடும்பப் பெயருக்கான குலச்சின்னம் என்று ஒரு கடையில் சட்டமிட்ட படம் வாங்கிவிட்டார். இங்கே சின்னம் கொடுப்பது ஒரு ஆளுக்கும் அவர் வழியினருக்கும்தான், அந்தப் பெயருள்ள எல்லாருக்கும் இல்லை. படம் அழகாகத்தான் இருக்கிறது. மருமகளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார். கையிருப்பு 61 பவுண்டு, பெரும்பாலும் சில்லறை. சந்தாவைக் கூட்ட வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து.

வரும் ஆண்டில் பார்க் ஹால் ஆர்டன்களின் கடைசிக் காலத்தை எடுக்கிறோம். எட்வர்ட் ஆர்டன் 1583இல் அரசிக்கு எதிரான சதி என்ற குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார், மருமகன் பேசிய பேச்சால் வந்த வினை. ஆண்வழி 1643இல் ராபர்ட் ஆர்டனோடு நின்றது. சொத்து சகோதரிகளுக்குப் போனது. அந்தச் சகோதரிகள் புகுந்த வீடுகளைத் தேட நான்கு பேர் தேவை, கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வட்டத்தின் பெரிய பூதக்கண்ணாடி உயில் வகுப்புக்குப் பிறகு காணவில்லை. எடுத்துப் போனவர் யாரென்று கேட்கமாட்டேன், அடுத்த மாதம் மேசைமேல் வைத்துவிட்டால் போதும்.

இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்