கிணற்றடி மல்லியைப் பிடுங்க வேண்டாம்

லெஸ்டர், இங்கிலாந்து,
ஏப்ரல் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சித்திரை பிறந்தும் இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது. பெரியம்மா மகனிடம் கொடுத்துவிட்ட பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை.

கிணற்றடி மல்லியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைக்கலாம் என்று தம்பி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். பிடுங்க வேண்டாம் அப்பா.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் தோட்டத்தில் வேலை செய்தேன். அவர் கணவர் இறந்தபிறகு கத்தி படாமல் லாரல் என்கிற வேலிப்புதர்கள் ஜன்னலையே மறைத்துவிட்டன. வெளியே சுவர் மாதிரிப் பச்சை. உள்ளே கையை விட்டால் வெறும் குச்சி. வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று ஒவ்வொரு புதரையும் விலக்கிப் பார்க்கச் சொன்னார் பாட்டி. பறவை குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது இங்கே 1981-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். அப்புறம் ரம்பத்தால் முழங்கால் உயரத்துக்கு அறுத்தேன். லாரலை அறுத்தால் பாதாம் வாசனை வரும். இலையில் விஷம் உண்டு. கையுறை போட்டுத்தான் அறுத்தேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

எல்லாச் செடியையும் இப்படி வெட்டிவிட முடியாது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை பழைய கட்டையிலிருந்து துளிர்க்காது. யூ மரம் துளிர்க்கும், ஆனாலும் அதை இந்த வருஷம் ஒரு பக்கம் மட்டும் வெட்டச் சொன்னார். அது தழைத்தபிறகுதான் மறுபக்கம். லாரலுக்கு அந்தப் பயமில்லை. கடும்பனி விலகினபிறகு வெட்டினால் கட்டையில் உறங்கும் துளிர்க்கண்கள் விழித்துக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறேன் என்றுதான் இந்த வேலைக்குப் போகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நம் மல்லிக்கும் வயதாகிவிடவில்லை. நான் கிளம்பினதிலிருந்து கவாத்து நடக்கவில்லை, உங்கள் முழங்காலும் விடவில்லை. அதனால்தான் குச்சி குச்சியாக நீண்டு பூ குறைந்திருக்கிறது. நவம்பர் கடைசியில் ஆள் விட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த குச்சி அடியோடு போகட்டும். செடிக்கு 10 கிலோ தொழு உரம் போட்டுத் தண்ணீர் கட்டினால் பங்குனியில் புதுக்கிளையில் மொட்டு நிற்கும்.

பாட்டி தோட்டத்தில் வெட்டின தழையை அள்ளும்போது, அம்மா விடியுமுன் மொட்டு பறித்து மடியில் கட்டிக்கொண்டு நிற்பதும், நீங்கள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மூட்டை ஏற்றுவதும் நினைவுக்கு வந்து வேலையே ஓடவில்லை அப்பா. இங்கே எந்தப் பூவிலும் அந்த மணம் இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்தால் ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. சரி, அதை விடுங்கள்.

தங்கச்சிக்குப் பார்த்திருக்கும் திருமங்கலத்து வீட்டில் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், கிணற்றடியைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் போய் முதலில் அதை மாற்றுங்கள். இந்த மாதப் பணம் கொஞ்சம் பிந்தி வரும், கவலைப்பட வேண்டாம். கவாத்துக் கூலியைத் தனியாக அனுப்புகிறேன். தம்பியிடம் கொடுக்காமல் நீங்களே வைத்திருங்கள். மூட்டுவலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்